களைப்பு சோம்பல் அன்று
பார்த் நோயுள்ள குழந்தைகளின் தசைகளுக்காக ஒரு வேண்டுகோள்

சில மாதங்களுக்கு முன் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனைப் பெற்றோர் அழைத்து வந்திருந்தனர். கைக்குழந்தையாக இருந்தபோதே இதயத் தசை பலவீனமுற்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வாரங்கள் இருந்து மீண்டவன் அவன். அன்று எடுத்த எக்கோ பரிசோதனையில் இதயத்தின் இயக்கம் ஏறத்தாழ இயல்பான அளவில் இருந்தது. எங்களுக்கு மகிழ்ச்சி. "நல்ல செய்தி, ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று கூறிக் கோப்பை மூடினோம். கதவருகே சென்ற தந்தை திரும்பி நின்றார். "இதயம் நல்லா இருக்குன்னு சொல்றீங்க டாக்டர். அப்புறம் ஏன் இவனால மாடிப்படி ஏற முடியல?" என்று கேட்டார். அவர் கையில் பள்ளி டைரி இருந்தது. விளையாட்டு வகுப்பில் சிறுவன் ஒத்துழைப்பதில்லை என்று அதில் சிவப்பு மையில் எழுதப்பட்டிருந்தது.

அக்கேள்விக்கான விடை எங்களுக்குத் தெரியும். ஆனால் அதை அவர்களுக்கு நாங்கள் ஒருமுறைகூட எடுத்துரைக்கவில்லை. கோப்பை மீண்டும் திறந்து பார்த்தோம். இதய அளவுகள், வெள்ளணு எண்ணிக்கைகள், எடை, உயரம் எல்லாம் ஆண்டுவாரியாக வரிசையில் இருந்தன. அவன் எவ்வளவு தூரம் நடக்கிறான், எந்த நேரத்தில் களைக்கிறான், களைத்தபின் தேறுவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்த விடுபடலை ஒப்புக்கொண்டே இக்கட்டுரையை எழுதுகிறோம். குடும்பத்தாரின் ஒப்புதலுடன், அடையாளங்களைத் தவிர்த்து, அச்சிறுவனைப் பற்றிக் குறிப்பிடுகிறோம். எங்கள் கருத்து இதுதான்: பார்த் நோயுள்ள குழந்தையின் களைப்பு, அதன் இதய நோயைப் போலவே உண்மையான, அளக்கத்தக்க ஒரு நோய் அறிகுறி. மருத்துவமனையும் வீடும் பள்ளியும் அதனை அவ்வாறே நடத்த வேண்டும்.

நோயின் இயல்பு

பார்த் சிண்ட்ரோம் என்பது மிக அரிய மரபணு நோய். உலகம் முழுவதிலும் கண்டறியப்பட்டவர்கள் சில நூறு பேர் மட்டுமே. ஏறக்குறைய அனைவரும் ஆண்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த குழந்தை நரம்பியல் மருத்துவர் பீட்டர் பார்த்தும் அவருடைய சகாக்களும், ஒரே குடும்பத்தில் ஆண் குழந்தைகள் தொடர்ந்து இளவயதிலேயே இறந்து வந்ததை ஆராய்ந்து, 1983ஆம் ஆண்டில் இந்நோயை விரிவாக விவரித்தனர். இதயத் தசை, உடலை அசைக்கும் எலும்புத் தசைகள், கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோபில் வெள்ளணுக்கள் ஆகிய மூன்றும் இந்நோயில் ஒருங்கே பாதிக்கப்படுகின்றன என்பதை அவர்கள் அப்போதே கண்டனர். இதற்குக் காரணமான, எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணு 1996இல் அடையாளம் காணப்பட்டது. அம்மரபணு உருவாக்கும் புரதத்துக்கு டாஃபாசின் என்று பெயர்.

மூன்று உறுப்பு மண்டலங்கள் பாதிக்கப்பட்டாலும், குழந்தையின் உயிருக்கு உடனடி ஆபத்தை விளைவிப்பவை இதயமும் நோய்த்தொற்றும்தாம். ஆதலால் மருத்துவர்களின் கவனம் அவ்விரண்டின் மீதே குவிந்தது. அது தவறன்று. அக்கவனத்தால்தான் முன்பு கைக்குழந்தைப் பருவத்திலேயே மறைந்திருக்கக்கூடிய குழந்தைகள் இன்று பள்ளிக்குச் செல்கின்றனர். சிலர் இளைஞர்களாகவும் வளர்ந்துவிட்டனர். ஆனால் உயிர் பிழைத்தவர்களின் அன்றாட வாழ்வை நிர்ணயிப்பது மூன்றாவதாகிய தசை. அதற்குரிய இடத்தை நாங்கள் இன்னும் அளிக்கவில்லை.

தசைக்குள் நடப்பது என்ன?

நம் உடலின் ஒவ்வொரு தசை உயிரணுவுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா எனப்படும் நுண்ணுறுப்புகள் நிறைந்துள்ளன. உண்ட உணவிலிருந்தும் சுவாசித்த ஆக்சிஜனிலிருந்தும் தசை பயன்படுத்தத்தக்க ஆற்றலை உருவாக்குபவை அவையே. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இரண்டு சவ்வுகள் உண்டு. உட்சவ்வு தட்டையாக இராது. சேலையின் கொசுவத்தைப் போல மடிப்பு மடிப்பாக அமைந்திருக்கும். ஆறு கெஜத் துணி ஒரு சாண் அகலத்துக்குள் அடங்குவது போல, மிகுந்த பரப்பு மிகச் சிறிய இடத்தில் அடங்குகிறது. ஆற்றலை உருவாக்கும் புரதங்கள் அம்மடிப்புகளின் மீதுதான் வரிசையாக அமர்ந்திருக்கின்றன.

அம்மடிப்புகள் குலையாமல் இருப்பதற்கும், புரதங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்குவதற்கும் கார்டியோலிப்பின் என்னும் கொழுப்புப்பொருள் இன்றியமையாதது. 1940களில் மாட்டின் இதயத்திலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டதால் இதயத்தைக் குறிக்கும் அப்பெயர் அதற்கு அமைந்தது. உடல் முதலில் தயாரிக்கும் கார்டியோலிப்பின் முழுமை பெற்றதன்று. அதனைச் செம்மைப்படுத்தி இறுதி வடிவத்துக்குக் கொண்டுவருவதே டாஃபாசினின் பணி. பார்த் நோயில் அப்பணி நடைபெறுவதில்லை. முழுமையான கார்டியோலிப்பின் குறைகிறது. அரைகுறையான வடிவம் தேங்குகிறது. இவ்விரண்டின் விகிதத்தை இரத்தத்தில் அளந்தே இன்று நோயைக் கண்டறிகிறோம். மரபணுச் சோதனை அதனை உறுதிசெய்கிறது. எனவே பல குழந்தைகளுக்குத் தசையை அறுத்தெடுத்துச் சோதிக்கும் தேவை இப்போது எழுவதில்லை.

அவ்வாறு எடுக்கப்பட்ட தசைத் துணுக்குகளை மின்னணு நுண்ணோக்கியில் கண்டவர்கள் விவரிப்பது ஒரே மாதிரியான காட்சியை. மைட்டோகாண்ட்ரியாவின் வடிவம் மாறியிருக்கிறது. உள்மடிப்புகள் கலைந்தும் குறைந்தும் கிடக்கின்றன. எரிந்து ஆற்றலாக வேண்டிய கொழுப்பு, துளித்துளியாகத் தசை இழைகளுக்குள் தேங்கி நிற்கிறது. எரிபொருள் இருக்கிறது; அதை எரிக்கும் அடுப்பு சரியில்லை. இக்குழந்தைகள் தாமதமாக நடக்கத் தொடங்குவதும், தோள், இடுப்பு, தொடைத் தசைகள் மெலிந்திருப்பதும், தரையிலிருந்து எழவும் படியேறவும் சிரமப்படுவதும் இதனால்தான்.

எக்கோ சொல்வதும் சொல்லாததும்

அந்தத் தந்தையின் கேள்விக்கு இப்போது வருவோம். இதயம் நன்றாக இருந்தும் சிறுவனால் ஏன் படியேற இயலவில்லை?

எக்கோ பரிசோதனை, படுத்திருக்கும் குழந்தையின் இதயத்தை அளக்கிறது. ஓய்வில் இருக்கும் இதயம் போதுமான இரத்தத்தை அனுப்பலாம். ஓடும்போதும் ஏறும்போதும் தேவை பன்மடங்கு உயர்கிறது. அந்த உயர்வுக்கு ஈடுகொடுக்கும் இருப்பு இவ்விதயத்தில் குறைவு. இது முதற்காரணம். இரண்டாவது காரணம் தசையிலேயே உள்ளது. வந்து சேர்ந்த ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்தும் திறன் அதற்குக் குறைவு. உடற்பயிற்சியின்போது நடத்தப்பட்ட ஆய்வுகளில், பார்த் நோயுள்ளவர்கள் உச்ச உழைப்பில் பயன்படுத்தும் ஆக்சிஜன், அதே வயதுடைய ஏனையோர் பயன்படுத்துவதில் ஏறத்தாழப் பாதி அளவே எனக் காணப்பட்டது. வகுப்புத் தோழனுக்கு எளிதான விளையாட்டு, இவனுக்குத் தன் முழு வலிமையையும் கோரும் உழைப்பாகிவிடுகிறது.

ஆதலால் எக்கோ முடிவு நன்றாக இருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அது தசையைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. இரண்டையும் ஒன்றெனக் கருதியது எங்கள் பிழை.

ஏன் நம்ப மறுக்கிறோம்?

இக்களைப்பு எளிதில் நம்பப்படாமைக்குக் காரணங்கள் உண்டு. குழந்தையின் முகத்தில் நோய்க்களை தெரிவதில்லை. பேச்சிலும் அறிவிலும் குறைவில்லை. காலையில் துள்ளி ஓடுபவன் பிற்பகலில் புத்தகப் பையைத் தூக்க மறுக்கிறான். நேற்று செய்ததை இன்று செய்ய இயலவில்லை என்கிறான். வயதுக்குச் சிறிய உருவமாக இருப்பதால், "சரியாகச் சாப்பிட்டால் தெம்பு வரும்" என்று வீட்டுப் பெரியவர்கள் கூறுகின்றனர். அவர்கள் அன்பினால்தான் கூறுகின்றனர். ஆனால் எத்தனை உருண்டை அதிகம் ஊட்டினாலும் கார்டியோலிப்பினின் குறை நிரம்பாது.

"களைப்புக்கு இடங்கொடுத்தால் தசை மேலும் பலவீனமாகாதா?" என்று சில பெற்றோர் எங்களிடம் கேட்டுள்ளனர். நியாயமான கேள்வி. எப்போதும் படுக்கவைப்பது தசைக்கு நல்லதன்று. அசையாத தசை மேலும் மெலியும். நாங்கள் வேண்டுவது ஓய்வை மட்டுமன்று, அளவை. குழந்தை நடக்கட்டும், விளையாடட்டும். ஆனால் முற்றிலும் சோர்ந்து விழும் வரை அன்று. சிறிது நேரம் செயல், பின்பு சிறிது ஓய்வு, மீண்டும் செயல் என்ற முறையை உடலியக்கச் சிகிச்சையாளர் குழந்தைக்கேற்ப வகுத்துத் தருவார். இதயத்தின் நிலையை அறிந்தபின் வகுக்கப்படும் பயிற்சியே பாதுகாப்பானது. மறுநாளும் நீடிக்கும் களைப்பு உண்டானால், முந்தைய நாளின் அளவு மிகுந்துவிட்டது என்று பொருள்.

"பிடிக்காத வேலையைத் தவிர்க்கக் களைப்பைச் சாக்காகச் சொல்கிறானோ?" என்பது இன்னொரு ஐயம். எல்லாக் குழந்தைகளும் சில வேளைகளில் அவ்வாறு செய்வதுண்டு; இவனும் குழந்தைதான். எனினும் இரண்டு பிழைகளையும் எடைபோட்டுப் பாருங்கள். பொய்க் களைப்பை நம்பினால் ஒரு வீட்டுப்பாடம் தள்ளிப்போகும். மெய்க் களைப்பை நம்ப மறுத்தால், குழந்தை சொல்வதையே நிறுத்திவிடுவான். இந்நோயில் அது ஆபத்தானது. இதயம் மீண்டும் பலவீனமடைவதையும், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதையும், உடலில் தொற்று தொடங்குவதையும், இரத்தச் சர்க்கரை தாழ்வதையும் சில சமயம் முதலில் அறிவிப்பது வழக்கத்துக்கு மாறான களைப்புதான். "நான் சொன்னால் நம்ப மாட்டார்கள்" என்று கற்றுக்கொண்ட குழந்தை, சொல்லியே ஆக வேண்டிய நாளிலும் வாய் திறவாதிருக்கக்கூடும். எங்கள் அச்சம் இதுவே.

தாயின் மீது சுமத்தப்படும் பழி

இவ்விடத்தில் இன்னொன்றையும் கூறியாக வேண்டும். எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் நோய் என்று நாங்கள் விளக்கும்போது, அறையிலுள்ள அனைவரின் பார்வையும் தாயின் பக்கம் திரும்புவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். மரபணு மாற்றத்தைத் தாங்கியிருக்கும் பெண்கள் பெரும்பாலும் எந்த அறிகுறியுமின்றி நலமாக இருப்பர். தாம் அதைத் தாங்கியிருப்பதே அவர்களுக்குத் தெரிந்திராது. சில குழந்தைகளிடம் இம்மாற்றம் புதிதாகவே தோன்றுகிறது; தாயிடம் அது இருப்பதேயில்லை. கருவுற்ற காலத்தில் உண்டதோ உண்ணாததோ, செய்ததோ செய்யாததோ இதற்குக் காரணமன்று. சொந்தத்தில் மணம் புரிந்ததும் இந்நோய்க்குக் காரணமன்று. உறவுமுறைத் திருமணத்தால் கூடும் மரபணு நோய்கள் வேறு வகையைச் சேர்ந்தவை.

தாய் மாற்றத்தைத் தாங்கியவர் எனச் சோதனையில் தெரிந்தால், ஒவ்வொரு கருவிலும் ஆண் குழந்தைக்கு நோய் வருவதற்கான வாய்ப்பு சரிபாதி. பெண் குழந்தை மாற்றத்தைத் தாங்குவதற்கான வாய்ப்பும் சரிபாதி. தாயின் சகோதரிகளும் இதை அறிந்துகொள்வது நல்லது. இதற்கென மரபணு ஆலோசனை உண்டு. பழி சொல்லும் பேச்சு நின்றால்தான் அந்த ஆலோசனைக்கு ஒரு பெண் அச்சமின்றி வருவாள்.

யார் என்ன செய்ய வேண்டும்?

முதற்கடமை மருத்துவமனையாகிய எங்களுடையது. ஒவ்வொரு வருகையிலும், எக்கோ முடிவைப் பார்ப்பதற்கு முன்பாகவே, களைப்பைப் பற்றிக் கேட்க வேண்டும். குழந்தையிடமே கேட்க வேண்டும். ஆறு நிமிடங்களில் எவ்வளவு தூரம் நடக்கிறான், நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்தமர எத்தனை நொடிகள் ஆகின்றன, கைப்பிடி வலிமை எவ்வளவு என்பனவற்றை அளந்து எழுத வேண்டும். இவற்றுக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரு நடைகூடமும் கடிகாரமும் நாற்காலியும் பெரும்பாலானவற்றுக்குப் போதும். எண்ணாக எழுதப்பட்ட களைப்பை எவரும் சோம்பல் என்று ஒதுக்க இயலாது.

அடுத்து வீடு. ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில், குழந்தை எப்போது நன்றாக இருந்தான், எப்போது களைத்தான், தேற எவ்வளவு நேரமாயிற்று என்பதை நாள்தோறும் இரண்டு வரி எழுதிவாருங்கள். நீண்ட நேரம் பட்டினியாக விடாதீர்கள். இரவு உணவுக்கும் காலை உணவுக்கும் இடைப்பட்ட நேரம் பற்றி உணவியல் வல்லுநரிடம் கேட்டறியுங்கள். விரதம் இக்குழந்தைகளுக்கு உரியதன்று. வாந்தியோ வயிற்றுப்போக்கோ ஏற்பட்டால் காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள். காய்ச்சல் கண்டாலும் அவ்வாறே: பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். நியூட்ரோபில் எண்ணிக்கை சென்ற வாரம் நன்றாக இருந்தது என்பது இன்று நன்றாக இருப்பதற்கு உறுதியாகாது. அது ஏறியும் இறங்கியும் மாறும் இயல்புடையது. அவசரப் பிரிவில் உள்ளவர்கள் இந்நோயைக் கண்டிராமலிருக்கலாம். ஆகவே நோயின் பெயரும், உடனே செய்ய வேண்டியவையும் எழுதப்பட்ட எங்கள் கடிதத்தை எப்போதும் கைவசம் வைத்திருங்கள்.

மூன்றாவது பள்ளி. கேட்க வேண்டியவை பெரியவை அல்ல. தரைத்தளத்தில் வகுப்பறை. வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று என இரண்டு தொகுதிப் பாடநூல்கள். பை சுமக்க வேண்டியதில்லை. முற்பகலில் கடினமான பாடங்கள், பிற்பகலில் சிறிது ஓய்வு. இடையில் ஏதேனும் உண்ண அனுமதி. தேர்வில் கூடுதல் நேரம். விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கிவைப்பதை நாங்கள் விரும்புவதில்லை. புள்ளி எழுதுபவனாகவோ, குறைந்த நேரம் ஆடுபவனாகவோ அவனும் அணியில் இருக்கட்டும். எப்போது நிறுத்துவது என்பதை மட்டும் அவனிடம் விடுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்துதரும் கடமையைக் கல்வி நிறுவனங்களுக்கு விதித்திருக்கிறது. இவற்றைச் சலுகையாக இரந்து பெற வேண்டியதில்லை. தலைமையாசிரியருக்குக் கடிதம் வேண்டுமெனில் எங்களிடம் கேளுங்கள். எழுதித் தருவது எங்கள் பணியில் அடங்கும்.

புதிய மருந்து கற்பிப்பது

மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் கார்டியோலிப்பினோடு இணைந்து செயல்படும் எலாமிப்ரெடைடு என்னும் ஊசி மருந்துக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 செப்டம்பரில் துரித ஒப்புதல் அளித்தது. குறைந்தது 30 கிலோ எடையுள்ள பார்த் நோயாளிகளுக்கு உரியது அது. பல பெற்றோர் இதைப் பற்றி எங்களிடம் கேட்கின்றனர். நம்பிக்கையோடு கேட்பவர்களுக்கு நாங்கள் நிதானமாகவே விடையளிக்க வேண்டியுள்ளது. இம்மருந்து மரபணுவைத் திருத்துவதில்லை. சோதனையில் பங்குபெற்றவர்கள் 12 பேர் மட்டுமே. வெற்று ஊசியோடு ஒப்பிட்ட முதற்கட்டத்தில் வேறுபாடு தெரியவில்லை. நீண்டகாலம் தொடர்ந்து பெற்றவர்களிடம்தான் முன்னேற்றம் காணப்பட்டது. பலன் மேலும் உறுதிசெய்யப்பட வேண்டும் என்ற நிபந்தனையுடனேயே ஒப்புதல் தரப்பட்டுள்ளது. உங்கள் குழந்தைக்கு அது பொருந்துமா, எவ்வழியில் கிடைக்கும் என்பதைத் தனித்தனியே பேசித் தீர்மானிப்போம்.

ஆனால் அச்சோதனையிலிருந்து இன்றே கற்கத்தக்கது ஒன்று உண்டு. மருந்தின் பலனை அளக்க ஆய்வாளர்கள் தெரிந்தெடுத்தவை ஆறு நிமிட நடையும், நோயாளிகள் தாமே கூறிய களைப்பின் அளவும். ஒப்புதலுக்கு அடிப்படையாக அமைந்தது முழங்காலை நீட்டும் தசைகளின் வலிமை. ஒரு நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே தசை வலிமையைச் சான்றாக ஏற்றிருக்கும்போது, புறநோயாளர் பிரிவின் கோப்பில் அதற்கு ஒரு வரி இல்லாதிருப்பது முறையன்று.

அச்சிறுவன் சென்ற மாதம் மீண்டும் வந்தான். நடைகூடத்தில் ஆறு நிமிடம் நடந்தான். நடுவில் இருமுறை நின்றான். நின்ற இடங்களையும் குறித்துக்கொண்டோம். அவனுடைய வகுப்பு இப்போது தரைத்தளத்துக்கு மாற்றப்பட்டுள்ளது. பி.டி. ஆசிரியர் அவனைக் கபடியில் புள்ளி எழுத வைத்து, கடைசிச் சில நிமிடங்கள் ஆடவும் விடுகிறாராம். படியேறும் வலிமை அவனுக்குக் கூடிவிடவில்லை. ஆயினும் எங்கள் கேள்விக்கு அவனே விடை கூறினான். "மூணாவது பீரியட் வரைக்கும் நல்லா இருக்கேன். அதுக்கப்புறம் கால் கனக்குது" என்றான். அதை அவன் சொன்னபடியே கோப்பில் எழுதிக்கொண்டோம்.

பார்த் நோய் மட்டுமன்றி, பிற மைட்டோகாண்ட்ரிய நோய்களும் தசை நோய்களும் உள்ள குழந்தைகளின் பெற்றோர்க்கும் எங்கள் வேண்டுகோள் இது. பயிற்சியின் அளவும் முறையும் நோய்க்கு நோய் மாறுபடும். அதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் அடுத்த முறை வரும்போது அந்த நோட்டுப் புத்தகத்தை மறவாமல் எடுத்து வாருங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் அதை மேசைமீது வையுங்கள்.